அங்குலம் சார் போட்ட குறி

மாநகராட்சியின் அளவைப் பிரிவில் அவருக்கு அங்குலம் என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் சும்மா வைக்கவில்லை. தெருவிளக்குக் கம்பம் எங்கே வர வேண்டும், சாக்கடை மூடி எங்கே அமைய வேண்டும், நடைபாதை எங்கே முடிய வேண்டும் என்று சாலையில் பெயின்டால் குறி போடுவது அவருடைய வேலை. மஞ்சளில் பெருக்கல் குறி போட்டால் கம்பம். வெள்ளையில் வட்டம் போட்டால் மூடி. சிவப்புக் கோடு போட்டால் அதைத் தாண்டி ஒரு செங்கல் வரக்கூடாது. குறி போட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விடுவார். பின்னால் வருகிற ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த இடத்திலேயே தோண்டுவார்கள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் நடைமுறை.

இந்த இருபத்திரண்டு வருடத்தில் நகரம் பொங்கிய பால் மாதிரி நாலா பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பஞ்சாயத்துகள் மாநகராட்சிக்குள் வந்து சேர்ந்தன. காலையில் வயலாக இருந்த இடத்தில் மாலையில் நகர் என்று பலகை நின்றது. அங்கெல்லாம் முதலில் போய் நிற்பவர் அங்குலம்தான். தோளில் ஒரு துணிப்பை, கையில் டேப், தலையில் நிறம் போன ஒரு தொப்பி.

அவர் போட்ட குறி ஒன்றுகூடத் தப்பியதில்லை. இதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை; ஆனால் சொல்லாமலும் விடமாட்டார். பக்கத்து மேசைக்காரர் ஒருமுறை ஒரு வீட்டு வாசலுக்கு நேர் நடுவில் கம்பத்துக்குக் குறி போட்டுவிட்டார். அந்த வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தால் எதிரே கம்பம். பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் 'குறியீட்டுப் பிழை' என்று ஏறிவிட்டது. அந்தக் கதையை யாராவது ஆரம்பித்தால் அங்குலம் கோப்பிலிருந்து தலை தூக்காமலேயே, "பாவம், அவர் கண்ணால அளந்துட்டாரு" என்பார். பக்கத்து மேசைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டிலும் அதே கறார்தான். சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதென்றால்கூட டேப் வெளியே வரும், பென்சில் வரும், நூல் வரும். அவர் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். வருகைப் பதிவேட்டில் வரவில்லை என்றால் வரவில்லை என்றுதான் எழுதுவாள், நடுவில் ஒன்றும் கிடையாது. "ஏங்க, நீங்க அளந்து முடிக்கிறதுக்குள்ள காலண்டர்ல வருஷமே முடிஞ்சிடும் போலிருக்கே" என்பாள். அவர் காதில் வாங்கமாட்டார்.

அந்த மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருடமாகியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ். பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு மெஷின். அதில் ஒன்று பகல் பதினொரு மணிக்கு அவளுக்கு. பதினொன்றேகால் வரை நர்ஸ் பார்ப்பார். அதற்குள் வராவிட்டால் காத்திருப்போர் வரிசையில் முதல் ஆளைப் படுக்க வைத்துவிடுவார். அதில் தப்பு சொல்லவும் முடியாது. அப்புறம் யாராவது எழுந்த பிறகுதான் இடம். நாலு மணி நேரம் ஓட வேண்டியது மூன்று மணி நேரத்தில் நிற்கும். அன்றைக்கு அவளால் தட்டையாகப் படுக்க முடியாது, மூச்சு இரைக்கும்.

அங்குலத்தின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போக அவளுக்குத் தலைசுற்றல் விடவில்லை. ஆட்டோக்கள் எல்லாம் ரயில் நிலையத்துப் பக்கமே கிடக்கும். காலை வேளையில் அவர்கள் தெருவுக்குக் கூப்பிட்டால் வருவதற்குள் மதியமாகிவிடும். ஆகவே பஸ். தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் பத்து இருபதுக்கு ஆஸ்பத்திரி பஸ். அதை விட்டால் பதினொன்றுக்குத்தான் அடுத்தது. நிறுத்தம் என்று பெயரே ஒழிய, அங்கே இருந்தது ஒரு கம்பமும் அதில் ஒரு தகரமும்தான். நிற்கிற ஆள் தலையில் முழு வெயிலும் இறங்கும். ரத்தம் குறைந்த உடம்பு. இரண்டு தடவை அவள் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது தடவை யாரோ தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். அதை அவள் சொல்லவில்லை, அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டார். அன்றிலிருந்து அங்குலத்துக்கு ஒரே நினைப்பு: அந்த இடத்தில் ஒரு நிழல் வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் நிழற்குடைத் திட்டம் வந்தது.

மாநகராட்சிக்கு நிழற்குடை கட்ட ஆசை இருந்தது, கட்ட வழியில்லை. ஒரு தனியார் கம்பெனிக்கு விளம்பரம் வைக்க ஆசை இருந்தது, வைக்க இடமில்லை. இரண்டு ஆசையும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டன. இடம் மாநகராட்சியுடையது, கட்டுமானம் கம்பெனியுடையது, பதினைந்து வருட விளம்பரம் கம்பெனியுடையது, நிழல் மக்களுடையது. அறிக்கையில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். படிக்க நன்றாகவே இருந்தது.

அங்குலம் நூற்றிருபது இடங்களில் குறி போட வேண்டும். அதில் கம்பெனி தனக்குப் பிடித்த அறுபதை எடுத்துக்கொள்ளும். மீதி அறுபது இரண்டாம் கட்டம். இரண்டாம் கட்டம் என்றால் என்னவென்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். வராது என்று அர்த்தம்.

தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் கம்பத்துக்குப் பக்கத்திலேயே அவர் குறி போட்டார். கம்பெனியின் இன்ஜினியர் சின்ன வயதுப் பெண். கையில் டேப்லெட்டுடன் வந்து பார்த்தவள், இப்படியும் அப்படியும் நடந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"சார், தொட்டியோட காம்பவுண்டு சுவர் மறைக்குது. இங்க போர்டு வச்சா யார் கண்ணுக்கும் படாது. எங்க மேனேஜர் எடுக்க மாட்டாரு."

"ஏம்மா, நெழலு போர்டுக்கா, ஜனங்களுக்கா?"

"ஜனங்களுக்குத்தான் சார். ஆனா போர்டு இல்லேன்னா நெழலே வராதே."

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அங்குலம் இரண்டு நாள் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு தனியாகவே அங்கே போனார். பக்கத்தில் மேம்பாலம் இறங்குகிறது. எல்லா வண்டியும் அந்த வழியாகத்தான் வரும். பாலத்தில் ஏறி, இறங்கி, வண்டி ஓட்டுபவன் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டு, கோடு இழுத்துப் பார்த்தார். கம்பத்திலிருந்து பதினாலு மீட்டர் பாலத்துப் பக்கமாக நகர்த்தினால் சுவர் மறைக்காது. நிறுத்தத்தின் எல்லைக்குள்ளேதான் இருக்கும், விதிமுறையும் மீறாது. பாலம் இறங்குகிற ஒவ்வொரு வண்டிக்கும் அந்தப் பலகை ஒன்பது விநாடி கண்ணில் நிற்கும்.

"ஒன்பது செகண்டா சார்!" கம்பெனிப் பெண் வாயைப் பிளந்தாள். "சென்ட்ரல் சிக்னல்லயே ஆறுதான் வருது!"

மறுநாளே தண்ணீர்த் தொட்டி நிறுத்தம் அறுபதுக்குள் வந்துவிட்டது. அங்குலம் பழைய குறியை அழித்துவிட்டுப் புதிய குறியைப் போட்டார். தன் வேலைக்காகத் தானே பெருமைப்படுகிற ஆள் இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "உனக்கு நெழலு வருது" என்றார்.

"எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான். மொதல்ல உனக்கு."

அவள் சிரித்தாள். நோய் வந்த பிறகு அப்படிச் சிரித்தது கொஞ்சம்தான். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கக்கூட முயலவில்லை.

ஆறு வாரத்தில் நிழற்குடை எழுந்தது. எவர்சில்வர் கால்கள், வளைந்த கூரை, பன்னிரண்டு பேர் உட்காரும் பெஞ்சு. பாலத்துப் பக்கத்தில் ஆளுயரத்துக்கும் மேலே விளம்பரப் பலகை, அதில் ஒரு மெத்தை, மெத்தையில் கண்ணை மூடிச் சிரித்தபடி தூங்குகிற ஒரு பெண். தகரம் தொங்கிய கம்பத்தையும் பிடுங்கிப் பக்கத்தில் நட்டாயிற்று. எல்லாம் குறிப்படி. அங்குலம் டேப் வைத்துப் பார்த்தார். அரை அங்குலம்கூடப் பிசகவில்லை.

திங்கட்கிழமை அவர் மனைவி பத்து மணிக்கே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். கூட ஏழெட்டுப் பேர். காற்று வந்தது. எல்லாருக்கும் கல்யாண வீட்டுக்கு வந்தது போல ஒரு குஷி. பத்து இருபது ஆயிற்று. பஸ் வந்தது. வந்தது என்று அவர்களுக்கு எப்போது தெரிந்தது என்றால், அது அவர்களைத் தாண்டிப் போன பிறகு. பலகை பஸ் வருகிற திசையை அடைத்துக்கொண்டு நின்றது. உட்கார்ந்தவர்களுக்கு பஸ் தெரியாது. டிரைவருக்கு உட்கார்ந்தவர்கள் தெரியாது. அவர் ஒன்பது விநாடி மெத்தையைப் பார்த்தார், யாரும் கை காட்டவில்லை, மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லாரும் ஓடினார்கள். ஓட முடியாதவள் நின்றாள்.

அன்றைக்கு அவளுக்கு மூன்று மணி நேரம்தான் மெஷின் ஓடியது. வீட்டுக்கு வந்து சுவரோடு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டாள். அங்குலம் பக்கத்தில் நின்றார்.

"பஸ் தெரியலைங்க. அவ்வளவுதான்" என்றாள். அவர்மேல் பழி போடுகிற குரல் இல்லை. வரவில்லை என்று எழுதுவாளே, அந்தக் குரல்.

புதன்கிழமை எல்லாரும் நிழற்குடைக்கு வெளியே, பலகைக்கு முன்னால், வெயிலில் நின்றார்கள். அவளும் நின்றாள். பன்னிரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் ஒரு நாய் படுத்திருந்தது.

அங்குலம் நேராகக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். இன்ஜினியர் பெண் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். அவளுக்கும் மனது கஷ்டமாகத்தான் இருந்தது.

"சார், போர்டை இந்தப் பக்கத்துலேர்ந்து கழட்டி அந்தப் பக்கம் மாட்டிட்டா போதும். உள்ள உக்காந்தவங்களுக்கு பஸ்ஸும் தெரியும், வெளிய இருக்கறவங்களுக்கு போர்டும் ஓரளவு தெரியும். ஆனா நாங்களா மாத்த முடியாது. ஒப்பந்தத்துல போர்டு வண்டி வர்ற பக்கம்னு இருக்கு."

"அப்ப வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு சார்." அவள் டேப்லெட்டில் தேடி ஒரு பக்கத்தைத் திறந்தாள். "குறி போட்ட அளவையரே குறி தப்புன்னு எழுதிக் குடுத்தா, ஏழு நாளைக்குள்ள நாங்க மாத்தி அமைச்சே ஆகணும். ஒரு படிவம்தான். ஒரு வரி எழுதினா போதும்."

அங்குலத்தின் முகம் மாறியது.

"எந்தக் குறிம்மா தப்பு?"

"இல்ல சார், ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்குன்னு எப்படிம்மா எழுதறது? டேப் எடுத்துக்கிட்டு வா. இப்பவே போய் அளக்கலாம். ஒரு நூல் தப்பா இருந்தா எழுதறேன்."

அந்தப் பெண் படிவத்தை அச்செடுத்து அவருடைய துணிப்பையில் வைத்துவிட்டாள். அவர் அதை வெளியே எடுத்து அவளுடைய மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்.

இருபத்திரண்டு வருடம். பணிப்பதிவேட்டில் ஒரு சிவப்பு மை கிடையாது. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். பக்கத்து மேசைக்காரர் சிரிக்கப்போகிற சிரிப்பு அவர் காதில் இப்போதே கேட்டது. அதுவும் தப்பே இல்லாத ஒன்றைத் தப்பு என்று தன் கையாலேயே எழுதுவதா? அளவு சரி, இடம் சரி, விதி சரி. மனிதர் வீம்பு பிடித்தவர் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவரைக் கேட்டால், உண்மையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பார்.

மனைவியிடம் அந்தப் படிவத்தைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. "கூட்டுக்குழுவுக்கு எழுதியிருக்கேன். மாத்திடுவாங்க" என்றார். மாநகராட்சி ஆட்கள் பாதி, கம்பெனி ஆட்கள் பாதி சேர்ந்த குழு அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும்.

மூன்று மாதம் அவள் வெயிலில் நிற்க முடியாதே. ஆகவே அங்குலமே நின்றார்.

திங்கள், புதன், வெள்ளி காலை ஒன்பதே முக்காலுக்கு அலுவலக வெளிவேலைப் பதிவேட்டில் 'தண்ணீர்த் தொட்டி நிறுத்தம், கள ஆய்வு' என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார். பொய் எழுதிப் பழக்கமில்லாத மனிதர். அதையும் பொய் என்று சொல்லிவிட முடியாது. களத்தில்தான் நின்றார், பஸ்ஸைத்தான் ஆராய்ந்தார். அவர் மனைவியும் மற்றவர்களும் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் பலகைக்கு முன்னால் சாலையோரம் வெயிலில் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாலத்தைப் பார்ப்பார். பஸ்ஸின் தலை தெரிந்ததும் இடது கையைத் தூக்கி, பின்னால் திரும்பாமலேயே, "வருது" என்பார். பெஞ்சு எழுந்திருக்கும். பஸ் நிற்கும். அவள் நிதானமாக ஏறுவாள்.

ஜனங்களுக்கு இது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. அவருக்கு சிக்னல் சார் என்று பெயர் வைத்தார்கள். வேறு பஸ்ஸுக்குப் போகிறவர்களும், "சார், ரயில் நிலையம் பஸ் வந்தா ஒரு குரல் குடுங்க" என்று சொல்லிவிட்டு மொபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். ஒரு வியாழக்கிழமை பஸ்ஸைக் கோட்டைவிட்ட ஒரு பெரியவர் வெள்ளிக்கிழமை வந்து பிடித்துக்கொண்டார்.

"நேத்து ஏன் சார் வரல? உங்களை நம்பித்தானே உள்ள உக்காந்திருந்தேன்?"

"எனக்கு இங்க வேலை இல்லீங்க. நான் மாநகராட்சில சர்வேயர்."

"அதைத்தானே நானும் சொல்றேன். மாநகராட்சி வேலையை ஒழுங்கா பாக்கணுமா இல்லையா?"

அவர் மனைவி பெஞ்சில் உட்கார்ந்தபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார். அவள் அந்த மூன்று மாதமும் ஒருநாள்கூட மெஷினுக்குத் தாமதமாகப் போகவில்லை. அவருடைய முகமும் இடது கையும்தான் கரிக்கட்டையாகிவிட்டன.

கூட்டுக்குழு கூடியது. அதன் குறிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை அளவைப் பிரிவுக்கு வந்தது. பக்கத்து மேசைக்காரர்தான் முதலில் பிரித்தார். படித்துவிட்டு அதை அங்குலத்தின் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

தண்ணீர்த் தொட்டி நிறுத்தம் என்ற தலைப்பின் கீழே ஒரு புகைப்படம். கம்பெனியின் கண்காணிப்புப் பிரிவு ஒரு புதன்கிழமை காலை பத்து பன்னிரண்டுக்கு எடுத்தது. நிழற்குடை நிறைய ஆட்கள். எல்லாரும் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். யார் முகத்திலும் பஸ் போய்விடுமே என்ற கவலை துளிகூட இல்லை. படத்தின் ஓரத்தில், வெட்டியது போக மிச்சமாக, ஒரு முழங்கையும் பாதித் தொப்பியும் தெரிந்தன. படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: 'பயன்பாடு முழு அளவில் உள்ளது. பயணிகளுக்கு இடையூறு ஏதும் காணப்படவில்லை. கோரிக்கை முடித்து வைக்கப்படுகிறது.'

அங்குலம் அந்த முழங்கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தது, யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. பிறகு எழுந்து செயற்பொறியாளரின் அறைக்குப் போனார். அவருக்கு அங்குலத்தின்மேல் மரியாதை உண்டு. தவறாத ஆள் வந்து நின்று கேட்கிறாரே என்று, "சரி, வெள்ளிக்கிழமை நானே நேர்ல வந்து பாத்துடறேன். கம்பெனிக்காரங்களையும் வரச் சொல்றேன்" என்றார்.

அன்று வீட்டில் மனைவியிடம் படத்தைக் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது உங்க முழங்கைதானே?"

"ம்."

"நீங்க நின்னா இது எப்படிங்க கோளாறுன்னு தெரியும்? நல்லாத்தான் இருக்குன்னு எழுதுவாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன்."

"அப்ப என்ன பண்றது?"

"வெள்ளிக்கிழமை நீங்க நிக்காதீங்க."

"பஸ் போயிடும்."

"போகட்டும்."

"பதினொண்ணேகாலுக்குள்ள போகலேன்னா மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அப்புறம் மூணு மணி நேரம்தான். போன தடவை நீ..."

"எனக்குத் தெரியாதா? ஒன்றரை வருஷமா அந்த மெஷின்ல கெடக்கறது நான். நீங்க இல்ல." கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "ஒருநாள் போனா போகுது. இல்லேன்னா நீங்க ரிட்டயர் ஆகற வரைக்கும் அங்கேயே நிக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை அவள் பெஞ்சில் இருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள். இன்றைக்கு ஒருநாள் யாரும் எழுந்து போய்க் கை காட்டக்கூடாது. முணுமுணுப்பு இருந்தது. ஒருவர் எனக்கு வேலை இருக்கிறது என்று அடுத்த நிறுத்தத்துக்கே நடையைக் கட்டினார். சிக்னல் சாரைத் திட்டிய பெரியவர், "உக்காந்திருக்கறதுதானே, நான் பாத்துக்கறேன்" என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

அங்குலம் எதிர்ப்புறத்து மருந்துக்கடை வாசலில் நின்றார். அங்கேதான் நிற்க வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. செயற்பொறியாளர் ஜீப்பில் வந்தார். கம்பெனி மேனேஜரும் இன்ஜினியர் பெண்ணும் வந்தார்கள். நிழற்குடைக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். நிறைந்த பெஞ்சைக் காட்டி மேனேஜர் ஏதோ சொல்ல, செயற்பொறியாளர் தலையாட்டினார்.

பத்து இருபத்திரண்டுக்குப் பாலத்தின் மேல் பஸ்ஸின் தலை தெரிந்தது.

அங்குலத்தின் இடது கை தானாக மேலே போயிற்று. பாதியில் நிறுத்தி, இறக்கி, பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டார். உள்ளே விரல்கள் மடங்கி நின்றன. பஸ் இறங்கியது. மெத்தைப் பெண்ணைக் கடந்தது. பெஞ்சில் யாரும் அசையவில்லை. அவர் மனைவி நேரே பார்த்துக்கொண்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் அவளுக்கு முன்னால் வந்தது, போயிற்று. ஓடிப்போய் மறித்துவிடலாமா என்று இருந்தது அவருக்கு. சேர்ந்து வாழ்ந்த முப்பது வருடத்தில் அவள் எதையும் அவருக்காக இப்படிப் பணயம் வைத்ததாக நினைவில்லை. அல்லது வைத்திருந்தால் அவர் கவனிக்கவில்லை.

சாலையைக் கடந்து அவர் போய்ச் சேர்ந்தபோது செயற்பொறியாளர் அவள் பக்கம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பஸ் போயிடுச்சே? நீங்க ஏறலையா?"

"வந்தது தெரிஞ்சாத்தானே சார் ஏற முடியும்?"

செயற்பொறியாளர் அவள் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார். பாலத்துப் பக்கம் திரும்பினார். மெத்தைப் பெண்ணின் முதுகுதான், அதாவது வெறும் தகரம்தான் தெரிந்தது. உதட்டைக் கடித்தார். மேனேஜர் ஒப்பந்தத்தைப் பற்றி ஆரம்பித்தார், அவர் கையமர்த்தினார்.

"குறியீட்டுப் பிழைன்னு ஒரு படிவம் இருக்கே, அதுல மாத்திடலாமே?" என்று இன்ஜினியர் பெண்ணைக் கேட்டார்.

அவள் கண் அங்குலத்தின் பக்கம் போய்த் திரும்பியது. செயற்பொறியாளருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன அங்குலம், நீங்க ஒரு வரி எழுதியிருந்தா இது மூணு மாசம் முன்னாடியே முடிஞ்சிருக்குமே?"

அவர் மனைவி தலையைத் திருப்பினாள்.

"ஒரு வரியா?" என்று கேட்டாள்.

அளவு சரி, இடம் சரி, விதி சரி என்று மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்தது எதுவும் அங்குலத்தின் வாய்க்கு வரவில்லை. அவள் அவருடைய கறுத்துப்போன கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

செயற்பொறியாளர் தன் ஜீப்பில் அவர்களை அனுப்பினார். பதினொன்று பத்துக்கு ஆஸ்பத்திரி. அவளுடைய மெஷின் அவளுக்குக் கிடைத்தது. வழி முழுக்க அவள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தாள். இன்றைக்கு ஜீப் இருந்தது, திங்கட்கிழமைக்கு என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்காதது அவருக்கு நன்றாகவே கேட்டது.

ஜீப் கிளம்பும்போது இன்ஜினியர் பெண் ஓடிவந்து கொடுத்த படிவம் அவர் கையில் இருந்தது. மூன்று மாதமாக அவள் அதைத் தன் பையிலேயே வைத்திருந்தாளாம். மடித்த இடத்தில் தாள் நைந்திருந்தது. ஊசி குத்தி, குழாய் மாட்டி, மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு அங்குலம் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, படிவத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டு எழுதினார். நிறுத்தத்தின் பெயர். குறி போட்ட நாள். குறி போட்டவர். பதவி. அளவில் பிழை உண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினார். அதை அவரால் வேறு மாதிரி எழுத முடியாது. அதற்கடுத்து, பிழையின் காரணம் என்று போட்டு ஒரே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

பேனா அங்கே நின்றது. மெஷினில் அவளுடைய ரத்தம் குழாய் வழியே சுற்றி வந்துகொண்டிருந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை.

"எழுதிட்டீங்களா?"

"எழுதறேன்."

"படிங்க."

அவர் எழுதி முடித்துவிட்டு, வார்டில் மற்ற ஏழு பேருக்கும் கேட்காத குரலில் படித்தார்.

"உட்கார்ந்து பார்க்கவில்லை."